யுவராஜ் மாமாவின் முதுகுத் தலையணை

திண்ணனூர் நாடு,
12 ஜனவரி 2025

அன்புள்ள ராஜி,

சாக்கில் குறுக்கு நூல் ஒரு மாதிரி நெருக்கமாகவும் நெடுக்கு நூல் தள்ளித் தள்ளியும் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே இதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அதனால் என்ன என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு வந்தபோது உன் போனில் ஒரு தையல் காட்டினாயே, அடியில் இருக்கும் துணியே தெரியாமல் முழுக்க உல்லன் நூலால் நிரப்புவது. அதற்குக் கட்டம் கட்டமான துணி வேண்டும் என்றாய். எங்கள் வீட்டில் அப்படி இருப்பது குச்சிக்கிழங்குச் சாக்கு ஒன்றுதான். அதில் ஓரமாக வெட்டித் துவைத்து எடுத்துக்கொண்டேன். பழைய கணக்கு நோட்டில் கட்டங்களை நிரப்பி ஒரு வட்டம் வரைந்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று எண்ணித் தைத்தேன். எண்ணிக்கை எங்கும் தப்பவில்லை. ஆனால் முடித்துப் பார்த்தபோது வட்டம் நீண்டுவிட்டது. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "நல்லாருக்குது கண்ணு, பலாக்கொட்டைதானே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

கோணி ஊசி சாக்கு நூலைக் குத்திக் கிழிக்கிறது. அதனால் முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கினேன். நூலுக்கு அப்பாவின் பழைய சுவெட்டரைப் பிரித்தேன். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு வந்தது. நனைத்து, விட்டத்தில் தொங்கவிட்டு, கீழே கனத்துக்கு ஒரு கிழங்கைக் கட்டினேன். அம்மா அடுப்பிலிருந்து பார்த்து, "கெழங்கு என்ன தப்புப் பண்ணுச்சு, தூக்குல போட்டுட்டே?" என்றாள். மறுநாள் நூல் நேராகிவிட்டது.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நீ கேட்பதற்கெல்லாம் நான் தலையாட்டுகிறேன். அது உனக்குத் தெரிவதில்லை. நீ "ஏய் இருக்கியா, இருக்கியா" என்று கத்துகிறாய்.

சாக்கு வேண்டாம், வேறு என்ன துணி என்று மட்டும் எழுது.

கோகிலா

*

பெண்கள் விடுதி, திருப்பூர்
26 ஜனவரி

அன்புள்ள கோகிலாவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கிழங்கைத் தூக்கில் போட்ட இடத்தில் ஒருத்திக்குப் புரை ஏறிவிட்டது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்டார்கள். என் மாமன் மகள் எழுதுவாள், ஒன்பதாவதில் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் என்று சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. உண்மைதானே.

நான் நாள் முழுக்க மேசை முன்னால் நின்று பனியனில் ஓட்டை தேடுகிறேன். ஓட்டை இருந்தால் சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். ராத்திரி கண்ணை மூடினாலும் பனியன்தான் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் அலைந்து உனக்குக் கேன்வாஸ் வலை வாங்கியிருக்கிறேன். இதில் இரண்டு பக்கமும் நூல் ஒரே மாதிரிதான் இருக்கும். இனி வட்டம் வட்டமாக வரும். மழுங்கிய ஊசி ஒரு பொட்டலம், சிவப்பும் மஞ்சளும் உல்லன் கட்டு, எல்லாம் இந்தப் பார்சலில் இருக்கிறது.

சும்மா தைத்துப் பெட்டியில் போடாதே. எங்கள் அண்ணனுக்கு ஒரு முதுகுத் தலையணை தைத்துக் கொடு. தினமும் அன்னாசியும் கிழங்கும் ஏற்றிக்கொண்டு மலை வளைவுகளில் எல்லாம் இறங்கிச் சேந்தமங்கலம் போய் வருகிறான். முதுகு வலிக்கிறது என்று போனில் புலம்புகிறான். டிரைவர் சீட்டில் சாய்ந்தாற்போல வைக்க வேண்டும். உனக்கும் பழகின மாதிரி ஆயிற்று.

ராஜி

*

திண்ணனூர் நாடு,
16 பிப்ரவரி

அன்புள்ள ராஜி,

பார்சல் வந்தது. வலை விறைப்பாக இருக்கிறது. விரலால் தட்டினால் சத்தம் வருகிறது.

முதலில் ஒரு மூலையில் அலைத் தையல் போட்டுப் பார்த்தேன். நெட்டுக்குத்தாக நாலு கண்ணியைத் தாண்டித் தாண்டி, ஏறி இறங்கிப் போவது. சீக்கிரம் நிரம்புகிறது. பார்க்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் நூல் நீளமாகக் கிடப்பதால் எதிலாவது மாட்டும். யுவராஜ் மாமா சட்டை பட்டன் போடாமல் வண்டி ஓட்டுவார், பின்னால் சாயும்போது மாட்டாது, இறங்கும்போது மாட்டலாம். ஆகவே நடுவில் சின்னச் சாய்வுத் தையல், ஓரத்தில் மட்டும் அலை என்று வைத்துக்கொண்டேன்.

அளவு தெரிய வேண்டியிருந்தது. மாமாவிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பொன்னாயி அக்கா டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அவர் உள்ளே போனபோது, கதவைத் திறந்து சீட்டில் சாண் வைத்து அளந்தேன். பாதியில் வந்துவிட்டார். "ஏன் கண்ணு, வண்டிய வெலைக்குக் கேக்கறியா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உயரம் தெரியும். அகலம் குத்துமதிப்புதான்.

இப்போது கஷ்டம் என்னவென்றால், வலை சாய்கிறது. வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டு போனால் சதுரமாக இருந்தது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. கீல் கழன்ற கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்குமே, அப்படி நிற்கிறது. இழுத்துப் பிடித்தால் நேராகிறது, விட்டால் பழையபடி சாய்கிறது. தையலில் ஒன்றும் தப்பில்லை. எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்வதால் துணியும் கூடவே போகிறது என்று நினைக்கிறேன். உன் போனில் பார்த்துச் சொல்.

கோகிலா

*

திருப்பூர்
27 பிப்ரவரி

அன்புள்ள கோகிலாவுக்கு,

நீ நினைத்தது சரிதான். அந்த வீடியோவில் வரும் அம்மாவும் அதையே சொல்கிறாள். வரிசையாகத் தைக்கக் கூடாதாம். மேல் மூலையில் ஆரம்பித்துப் படி இறங்குவது போல மூலைவாட்டில் இறங்கு. அடுத்த தடவை அதன் பக்கத்திலேயே படி ஏறு. ஏறுவதும் இறங்குவதும் மாறி மாறி வந்தால் துணி எந்தப் பக்கமும் இழுபடாது. சரியாகத் தைத்திருக்கிறாயா என்று திருப்பிப் பார், பின்பக்கம் கூடை முடைந்தது போல இருக்க வேண்டும். நானும் ஒரு துண்டில் செய்து பார்த்தேன். பின்னால் கூடை வரவில்லை, குருவிக்கூடு வந்தது.

முடித்த பிறகும் கொஞ்சம் சாய்ந்திருந்தால், நனைத்துப் பலகையில் நேராக வைத்துச் சுற்றிலும் ஆணி அடித்துக் காயவிடு. துருப்பிடிக்காத ஆணியாகப் பார்.

நீ சாண் போட்டு அளந்த கதை இங்கே வரைக்கும் வந்துவிட்டது. போன வாரம் போனில் அண்ணன் அதைச் சொன்னான். இந்த வாரமும் சொன்னான். "என்னடா, போன வாரமே சொல்லிட்டியே" என்றால், "அப்படியா?" என்கிறான். அம்மா பக்கத்தில் இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

ராஜி

*

திண்ணனூர் நாடு,
23 மார்ச்

அன்புள்ள ராஜி,

தலையணை முடிந்தது. சாய்ந்த பகுதியை முழுக்கப் பிரித்துவிட்டு மூலைவாட்டில் தைத்தேன். பின்பக்கம் கூடை வந்தது. முன்பக்கத்தைவிட எனக்குப் பின்பக்கம்தான் பிடித்தது. அதை உள்ளே வைத்துத் தைத்து இலவம்பஞ்சு அடைக்க வேண்டியிருந்தது. ஆணி அடித்த பலகையைக் கூரைக்குக் கீழே வைத்தேன், மூன்று நாள் பனியில் காயவே இல்லை. பிறகு அடுப்புப் பக்கம் வைத்தேன். கொஞ்சம் புகை வாசம் இருக்கும்.

மாமாவிடம் நேரில் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் வீட்டுக்குப் போய் அத்தையிடம் கொடுத்தேன். அத்தை இரண்டு கையிலும் வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கினார். "நம்ம ரோடு வளைஞ்சு வளைஞ்சு போறாப்பல இருக்குது சாமி" என்றார். நான் வெறும் அலைதான் போட்டிருந்தேன். ஒரு மூலையில் குங்குமம் வைத்து, விளக்குக்கு முன்னால் வைத்தார். உல்லனில் பட்ட குங்குமம் போகாதே என்று நினைத்தேன், சொல்லவில்லை.

புறப்படும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு ஜாக்கெட் துணி வைத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை என்பதால் கொடுக்கிறார் என்று வாங்கிக்கொண்டேன். ராஜி, அந்தத் துணி மிகவும் நன்றாக இருக்கிறது. கிளிப்பச்சை. குறுக்கும் நெடுக்கும் நூல் ஒரே கனம், ஒரே இடைவெளி. பார்த்த உடனே தெரிந்தது. நூல் உருவும் தையலுக்கு இப்படித்தான் துணி வேண்டும். சில நூல்களை இழுத்து எடுத்துவிட்டு, மிச்சம் நிற்பவற்றைக் கொத்துக் கொத்தாகக் கட்டினால் சின்னச் சின்ன ஜன்னல் வரும். வீட்டுக்கு வந்ததும் அதைப் பாதியாக வெட்டி ஆரம்பித்துவிட்டேன். ஒரு வரிசை ஜன்னல் வந்திருக்கிறது.

அம்மா தட்டைப் பார்த்துவிட்டு அப்பாவை வெளியே கூப்பிட்டாள். அவர்கள் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மிளகு விலை பற்றியாக இருக்கும்.

கோகிலா

*

திருப்பூர்
31 மார்ச்

அன்புள்ள அண்ணிக்கு,

இப்படி எழுதிப் பார்க்க எனக்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா. சிரிக்காதே. இனி இப்படித்தான் கூப்பிடுவேன்.

அம்மா போனில் அழுதுவிட்டாள். "பொண்ணு கேக்கற தட்ட வாங்கிக்கிட்டா ராஜி, ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாம வாங்கிக்கிட்டா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உன் அப்பாவும் அம்மாவும் மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார்களாமே. உனக்கு ஆடி மாதம் பதினெட்டு வயது முடிகிறது, ஆவணியில் முகூர்த்தம் வைக்கலாம் என்று பேச்சு. அதற்கு முன்னால் வைகாசியில் ஒரு புதன்கிழமை பங்காளிகளைக் கூட்டி உறுதி செய்துகொள்வார்கள். உறுதிக்கு எனக்கு லீவு கிடைக்காது. கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன்.

அண்ணன் தலையணையை அன்றைக்கே சீட்டில் வைத்துவிட்டானாம். திண்ணனூர் நாட்டிலிருந்து சேந்தமங்கலம் வரைக்கும் நிற்கிற இடமெல்லாம் எட்டிப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்கிறார்களாம். அவன் சொல்கிறானாம். பொன்னாயி அக்கா கடையில் என்ன பேச்சு தெரியுமா? "அந்தப் புள்ள வாயால எங்க சொல்லப் போவுது. தெச்சுக் குடுத்துச் சொல்லிருச்சு."

உனக்கு என்ன நிறப் புடவை பிடிக்கும் என்று எழுது. நீ எழுதாவிட்டால் நானே எடுத்துவிடுவேன்.

உன் நாத்தனார்,
ராஜி

*

திண்ணனூர் நாடு,
10 ஏப்ரல்

அன்புள்ள ராஜி,

உன் கடிதத்தின் முதல் வரியில் இருக்கும் சொல்லை எடுத்துவிடு. நான் அது இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தலையணை நீ கேட்டாய், தைத்தேன். நீ வேறு யாருக்குக் கேட்டிருந்தாலும் தைத்திருப்பேன். தட்டு, வெள்ளிக்கிழமை என்று நினைத்து வாங்கினேன். துணியைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. அதில் குங்குமம் வைத்திருந்ததைக்கூடத் துவைக்கும்போதுதான் பார்த்தேன்.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவிடம் சொன்னேன். இப்படித்தான் பேசினோம்.

"எனக்கு வேண்டாம்மா."

"எது?"

"கல்யாணம்."

"அப்ப ஏன் கண்ணு தட்ட வாங்கினே?"

"துணி நல்லா இருந்துச்சு."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு, "துணி நல்லா இருந்துச்சுன்னு எவளாவது கல்யாணத்துக்குச் சரிம்பாளா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டாள். துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். "வெட்டி நூலு நூலா உருவி வெச்சிருக்கிறே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் குடுக்கறது?" என்றாள்.

அப்பா யுவராஜுக்கு என்ன குறை என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை. குடிக்க மாட்டார். சொந்தமாக வண்டி வைத்திருக்கிறார். எல்லோரையும் சிரிக்க வைப்பார். எனக்கு அவர்மேல் குறையும் இல்லை, விருப்பமும் இல்லை. இதைச் சொல்லத் தெரியாமல் நின்றேன். அப்பா, "நான் தங்கச்சி ஊட்டுல தண்ணி குடிக்க வேண்டாமா சாமி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நீ உன் அம்மாவிடம் சொல்லிவிடு. போனில் ஒரு நிமிடம் போதும். உனக்குப் பேச்சு வரும்.

கோகிலா

*

திருப்பூர்
19 ஏப்ரல்

கோகிலாவுக்கு,

நான் சொல்ல மாட்டேன்.

நீ வரிசையாக எழுதிவிட்டாய். எனக்கும் வரிசை தெரியும். அண்ணனுக்குத் தைக்கிறாயா என்று கேட்டேன், தைத்தாய். வேண்டாம் என்று எழுதவில்லை. நடுக்கடைத் தெருவில் அவன் சீட்டை அளந்தாய். அம்மா குங்குமம் வைத்தாள், நின்று பார்த்தாய். தட்டு கொடுத்தாள், வாங்கினாய். ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில், எதற்கு அத்தை இதெல்லாம் என்று கேட்டிருக்கலாமே.

ஆமாம், எனக்கு ஆசை இருந்தது. நீ எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் லீவுக்கு வரும்போதெல்லாம் வீட்டில் எனக்கு ஆள் இருக்கும் என்று நினைத்தேன். அது தப்பா? முதுகு வலி என்று நான் பொய் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு கண் உன்மேல் இருந்ததும் பொய் இல்லை.

நீ எதற்கும் தலையாட்டுவாய். பலாக்கொட்டையா என்றால் தலையாட்டுவாய். பாடம் வாசி என்றால் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாய். நீ வாயைத் திறக்காவிட்டால் நாங்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? சம்மதம் என்றுதான் எடுக்க முடியும். எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள்.

இப்போது அண்ணன் அந்தத் தலையணையை வைத்துக்கொண்டு மலை முழுக்க ஓட்டியாயிற்று. நாளைக்கு அவனைப் பார்த்து என்ன கேட்பார்கள் என்று யோசித்தாயா? கடிதம் எழுதி என்னை விட்டுச் சொல்லச் சொல்கிறாய். வேண்டாம் என்றால் நீ போய்ச் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

ராஜேஸ்வரி

*

திண்ணனூர் நாடு,
18 மே

ராஜி,

எழுதாதே என்றாய். இதற்குப் பதில் வேண்டாம்.

நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை என்பது சரி. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. அத்தை, "இதோட அர்த்தம் தெரியுமா, உனக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கொடுத்திருந்தால் நான் முழித்திருப்பேன். முழிப்பதைப் பார்த்தாவது தெரிந்திருக்கும்.

வருகிற புதன்கிழமை உறுதி. அம்மா சாமான் எல்லாம் தேய்த்து வைத்திருக்கிறாள். நீயே அத்தையிடம் சொல் என்று அம்மாவிடம் மறுபடி கேட்டேன். அவள் உன்னைப் போலத்தான் சொன்னாள். "நான் சொன்னா, இவ அம்மாதான் தடுக்கறாம்பாங்க. நீ சொன்னா, புள்ளைக்குப் பிடிக்கலைம்பாங்க. நீயே சொல்லு. நான் குறுக்க நிக்க மாட்டேன்." அவள் என் பக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பச்சைத் துணியில் ஜன்னல் வைப்பதை நிறுத்திவிட்டேன். கையில் ஊசி இருந்தால் நேரம் போவது தெரியவில்லை. இப்போது நேரம் போவது தெரிய வேண்டும்.

கோகிலா

*

திருப்பூர்
29 மே

கோகிலாவுக்கு,

நான்தான் எழுதாதே என்றேன். இப்போது நானே எழுத வேண்டியிருக்கிறது.

புதன்கிழமை சாயங்காலம் உறுதி எப்படி நடந்தது என்று கேட்க அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஒண்ணும் நடக்கல, வெச்சுரு" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால், சாப்பிட்டியா என்று கேட்கிறாள், வேறு பேச்சு இல்லை.

அண்ணனைக் கேட்டேன். கல்யாணம் இல்லை என்கிறான். சரி, அந்தத் தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டாயா என்றேன். "எதுக்கு? வண்டியிலதான் இருக்குது. இப்பக்கூட அதுலதான் சாஞ்சுக்கிட்டுப் பேசறேன்" என்கிறான். கல்யாணம் இல்லை, தலையணை இருக்கிறது என்றால் என்னடா அர்த்தம், ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால், "ஊருக்கெல்லாம் தெரியும். உனக்குத்தான் தெரியல. அவளையே கேளு" என்கிறான். குரலில் சிரிப்பு இல்லை. ஆனால் கோபமாகவும் இல்லை. அவன் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது இருக்கட்டும். என்ன செய்தாய்?

ராஜி

*

திண்ணனூர் நாடு,
8 ஜூன்

அன்புள்ள ராஜி,

உறுதிக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை காலையில் நடந்தது.

மாமாவின் வண்டி பொன்னாயி அக்கா கடை முன்னால் நின்றது. பின்னால் பலாப்பழம் ஏற்றியிருந்தது. சேந்தமங்கலம் போகிறவர்கள் சிலர் கூடவே போவதற்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆள் இல்லாத இடத்தில் நான் சொன்னால், பிறகு எல்லோரும் வேறு மாதிரி சொல்வார்கள். தலையணையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் கேட்கவும் வேண்டும்.

மாமா வண்டியில் உட்கார்ந்திருந்தார். நான் கதவுப் பக்கம் போய் நின்றேன்.

"என்ன கண்ணு, இன்னொருக்கா சாணு போடணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தத் தலகாணியக் குடுங்க மாமா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் காதை இந்தப் பக்கம் வைத்து, "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக வந்துவிட்டது.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து உருவி எடுத்துக் கொடுத்தார். எங்கேயோ பிரிந்துவிட்டது, தைக்கக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கையில் ஏதாவது இருந்தால் எனக்குக் கொஞ்சம் பேச வருகிறது.

"இது ராஜி தைக்கச் சொன்னா, தெச்சேனுங்க. வேற ஒண்ணும் நெனச்சுத் தெய்க்கல. அத்தை குடுத்த தட்டையும் என்னன்னு தெரியாம வாங்கிட்டேன். எனக்குக் கல்யாணம் வேண்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாமா என்ஜினை அணைத்தார். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"என்னைய வேண்டாமா, கல்யாணமே வேண்டாமா?" என்றார்.

நான் யோசித்தேன். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு ஓடக் கூடாது என்று நின்று யோசித்தேன்.

"இப்ப, உங்களைங்க. மத்தது எனக்கே தெரியலீங்க."

அவர் கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முதுகு வலி நெசந்தான் கண்ணு. அது ராஜி கட்டுன கதை இல்ல" என்றார்.

நீயும் அதைத்தான் எழுதியிருந்தாய். அது உண்மையாக இருந்தால் தலையணையில் தப்பு ஒன்றும் இல்லை. அதை அவர் மடியில் வைத்தேன். "முதுகுக்குத்தான் தெச்சது. முதுகுக்கு வெச்சுக்கங்க" என்றேன். அவர் வாங்கிப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொண்டார்.

பொன்னாயி அக்கா டம்ளர் கழுவுவதை விட்டுவிட்டு வெளியே வந்து, "ஏஞ்சாமி, அப்ப அது வண்டியிலயே இருந்தா நாங்க என்னன்னு எடுத்துக்கறது?" என்றார்.

"தலகாணின்னு எடுத்துக்கங்க அக்கா" என்றேன்.

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். மாமா அவரைப் பார்த்து, "ஏறுங்க, நேரமாச்சு" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். வளைவு திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன். பொன்னாயி அக்கா ஒரு டீ கொடுத்தார். அதை முழுக்கக் குடித்தேன்.

நீ கேட்டது, ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று. என்னைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள். மாமாவைப் பற்றி யாரும் தப்பாகப் பேசவில்லை. அவரும் எங்கேயும் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் சாப்பிடும்போது என் தட்டில் கீரை போதுமா என்று பார்க்கிறார்.

அத்தையிடம் வேறு யாரும் போய்ச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆகவே அன்றைக்கே டீக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகாமல் காட்டு வழியில் நேராக உங்கள் வீட்டுக்கு நடந்தேன். அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி வைத்தேன். "அத்தை, திரும்புங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

கோகிலா